கடல் வராத சனிக்கிழமை

என் மகள் வேலை பார்க்கும் தீவில் யூதர்களின் பழைய ஜெபாலயம் ஒன்று இருக்கிறது. அங்கே கூட்டு ஜெபம் நடக்க வேண்டுமென்றால் பத்துப் பேர் வேண்டும். தீவில் மிச்சம் இருக்கும் யூதர்கள் ஒன்பது பேர். பத்தாவது ஆள் கடல்.

சனிக்கிழமை காலையில் கடல் துறைமுகத் தெருவைத் தாண்டி, தபால் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஏறி, மேற்குக் கதவு வழியாக உள்ளே வரும். கணுக்கால் உயரத்துக்குப் பரவி, பின்வரிசைப் பெஞ்சுகளைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். ஜெபம் முடிந்ததும் மற்றவர்களோடு எழுந்து வெளியே போகும். ஜெபாலயத்தின் தரை முழுக்க மணல். போகிறபோது கடலே அதை இழுத்துச் சமன் செய்துவிட்டுப் போவதால் பெருக்குகிற வேலை மிச்சம் என்று சொல்வார்கள்.

கடலைச் சேர்த்துக்கொண்டதில் அவர்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லையாம். எண்ணிக்கை ஒன்பதுக்கு வந்த வருஷம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். வெளியாளைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் தங்கள் ஆதி முன்னோர் எகிப்திலிருந்து தப்பி ஓடி வந்தபோது கடல் இரண்டாக விலகி நின்று வழிவிட்டிருக்கிறது. நடந்த எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் நின்று நேரில் பார்த்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை வெளியாள் என்று எப்படிச் சொல்வது என்று முடிவாகிவிட்டது. ஆண்களை மட்டும்தான் எண்ணவேண்டும் என்ற வழக்கத்தை அதற்கு முன்பே விட்டுவிட்டதால், கடல் ஆணா பெண்ணா என்ற விசாரணையும் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் நான் தீவுக்கு வந்த முதல் வாரத்திலேயே மகள் தேன்மொழி சொல்லிவிட்டாள். முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது என்று நினைத்திருப்பாள். எனக்கும் கடலுக்கும் பேச்சு கிடையாது.

நாங்கள் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மீனவர் குப்பத்தில் இருந்தவர்கள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் தேசிங்கு கரையில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தார். கடல் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. திருப்பி அனுப்பவில்லை. பல பேரை மூன்றாம் நாள், நாலாம் நாள் கரையில் விட்டுவிட்டுப் போன கடல் அவரை மட்டும் விடவில்லை. நான் கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, ஐந்து வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மன்னார்குடிக்குப் போய் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது வருஷமாக அதன் முகத்தில் விழிக்கவில்லை.

தீவில் அப்படி இருப்பது கொஞ்சம் சிரமம். எந்தத் தெருவில் திரும்பினாலும் கோடியில் கடல் நிற்கும். நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். அதுவும் மரியாதை தெரிந்ததுதான். நான் கடற்கரைச் சாலையில் வருவது தெரிந்தால் சத்தமில்லாமல் கொஞ்சம் பின்வாங்கி நிற்கும். பேச்சில்லாத இரண்டு சொந்தக்காரர்கள் ஒரே கல்யாணத்துக்கு வந்தால் வேறு வேறு பந்தியில் உட்காருவார்களே, அந்த மாதிரி. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். மீனவர்கள் நான் போகிறவரைக்கும் பொறுமையாகச் சுருட்டு பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஜெபாலயத்துக்கு எங்களை அழைத்தவர் கர்தோசோ. எண்பதைத் தாண்டியவர். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பாறையில் இடிக்காமல் உள்ளே கூட்டிவருகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இருதயம் சரியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தேன்மொழிதான் வாரம் இருமுறை வீட்டுக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வருவாள். போன வருஷம் அவர் மனைவி லூனா இறந்துபோனார். அந்தச் சனிக்கிழமை முதல் நினைவு நாள். இறந்தவர்களுக்காகச் சொல்லும் ஜெபம் ஒன்று அவர்களிடம் உண்டு. தனியாக நின்று அதைச் சொல்லக்கூடாது. பத்துப் பேர் இருந்து ஆமென் சொன்னால்தான் அது ஜெபம்.

கடல் வரும் இடத்துக்கு நான் எப்படி வருவது என்று தேன்மொழியிடம் கேட்டேன்.

"அது பாட்டுக்கு அது பின்னாடி உக்காந்திருக்கும். நீ பாட்டுக்கு நீ முன்னாடி உக்காரு. அவரு ஆசையா கூப்புட்டிருக்காரும்மா," என்றாள்.

சரி என்று போனேன்.

வெளியே பார்க்க மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடு போலத்தான் இருந்தது. உள்ளே போனதும் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். மணல் குளிர்ச்சியாக, சலித்த அரிசி மாவு போல இருந்தது. கறுத்த மரத்தில் பெஞ்சுகள். மேலே பித்தளைத் தண்டுகளில் மெழுகுவர்த்திகள். சன்னல் கண்ணாடிகள் நீலம், அதனால் எல்லோர் முகமும் லேசாக நீலமாக இருந்தது. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

சாவி வைத்திருப்பவர் ராக்கேல் என்ற அம்மாள். நல்ல உடம்பு, மெல்லிய குரல். அவர் சொன்னதைத் தேன்மொழி தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். இவர்களுடைய முன்னோர் இருந்த தேசத்தில் ஜெபம் செய்வது தெரிந்தால் கொன்றுவிடுவார்களாம். அதனால் தரையில் மணலைப் பரப்பி, காலடி வெளியே கேட்காமல் கூடியிருக்கிறார்கள். தீவுக்கு வந்தபிறகு பயமில்லை என்றாலும் சத்தமாக நடப்பது பழகவில்லை. மூன்றாவது வரிசையின் ஓரத்தைக் காட்டி, அதுதான் லூனா உட்காரும் இடம் என்றார். பாவாடை ஓரம் நனைகிறது என்று லூனா வாராவாரம் கடலைத் திட்டுவாராம். கடல் அவர் இடத்தைச் சுற்றி ஓர் ஈரமில்லாத வட்டத்தை விட்டுவிட்டு உட்காரப் பழகிக்கொண்டதாம். அவர் போன பிறகும் அந்த வட்டத்தை விட்டுத்தான் உட்காருகிறது என்றார்.

ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். கர்தோசோ வெள்ளைக் கோட்டு போட்டு, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேற்குக் கதவு திறந்திருந்தது. எல்லோரும் கதவைப் பார்த்தபடி இருந்தோம்.

கடல் வரவில்லை.

புயல் காலத்தில் ஒருமுறை தாமதமாக வந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார். இன்று காற்றே இல்லையே என்று இன்னொருவர் சொன்னார். தேன்மொழியைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்க, மற்றவர்கள் வருத்தத்தோடு தலையாட்டி மறுத்தார்கள். நல்ல பெண்தான், ஆனால் கடல் விலகி வழிவிட்ட அன்று அவள் அந்த வழியில் இல்லை. கர்தோசோ உட்காராமலே நின்றார். தேன்மொழி எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன என்று கேட்டேன். அடுத்த வருஷம் இந்த நாள் அவருக்கு இருக்குமா என்று ஆஸ்பத்திரியில் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை என்றாள்.

ராக்கேல் அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்துவரப் போனார். திரும்பி வந்து வாசலில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு தேன்மொழியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் அவளிடம் எதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன்.

கடல் பவளப் பாறைகளுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறதாம். கோபம் எதுவும் இல்லையாம். நாகப்பட்டினத்து அம்மா உள்ளே இருக்கும்போது தான் வந்து உட்காருவது சரியாக இருக்காது என்றதாம்.

நான் உடனே எழுந்துவிட்டேன். வெளியே போய்விடுகிறேன், அது வரட்டும் என்று சொல்லச் சொன்னேன். கர்தோசோ கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அவர் பேசி முடிக்க நேரம் பிடித்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். உறுப்பினர் வருவதற்காக விருந்தாளியை எழுப்பி அனுப்பும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை, இந்தக் கூரை போடுவதற்கு முன்பிருந்தே இல்லை என்றார். லூனா கோபித்துக்கொள்வாள் என்றார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி உட்கார்ந்தார்.

தேன்மொழி என்னையே பார்த்தாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கேட்டால் கிடைக்காது என்று நினைக்கிறதைக் கேட்கமாட்டாள்.

நான் மேற்குக் கதவு வழியாக வெளியே இறங்கினேன். போகிறவள் திரும்பி வருவேன் என்று காட்ட, என் கைப்பையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனேன். அப்படிப் போனால் விருந்தாளி எழுந்துபோனதாக ஆகாது.

துறைமுகத்தில் தண்ணீரே இல்லை. படிக்கட்டு முடிந்த இடத்திலிருந்து கடலின் தரை ஆரம்பித்தது. ஈர மணலில் நடந்தேன். படகுகள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. குழிகளில் தேங்கிய தண்ணீரில் மீன்கள் அசையாமல், ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடக் காத்திருப்பவர்கள் போல இருந்தன. ஒரு கப்பலின் துருப்பிடித்த நங்கூரத்தைத் தாண்டினேன். வெயில் சுட்டது. பாறை வரிசைக்கு அந்தப் பக்கம் கடல் ஒரு பெரிய மதில் போல எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

நான் வந்தது அதற்குத் தெரிந்துவிட்டது. திரும்பாமலே கேட்டது.

"தேசிங்கு பொஞ்சாதிதானே?"

எங்கள் குப்பத்துப் பேச்சு மாறவே இல்லை. நான்தான் மன்னார்குடியில் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏன் உள்ள வரல?" என்றேன்.

"நீ உக்காந்திருக்க. எந்த மூஞ்சிய வச்சுகிட்டு வர்றது?"

பாறை இடுக்கில் நண்டுகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு இருபது வருஷமாக வேறு யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் அவ்வளவு தூரம் வந்த?"

"கீழ தரை தள்ளிடுச்சு வேதா. என்னால என்னையே புடிச்சு நிறுத்த முடியல. திரும்புறப்பதான் கையில யார் யார் இருக்காங்கன்னு பாத்தேன்."

"இத வந்து சொல்ல இருவது வருசமா?"

"நீ மன்னார்குடி போயிட்ட. நான் வராம இல்ல. ஒவ்வொரு கோடையிலயும் முத்துப்பேட்டையில ஏறி பாமணி ஆத்து வழியா வந்தேன். வயலு கெட்டுப்போவுதுன்னு மதகு ஷட்டர எறக்கிட்டாங்க. அதுக்கு மேல தரைக்குள்ள பூந்துதான் வர வேண்டியிருந்துச்சு. மெல்லத்தான் வர முடிஞ்சுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கோடையில் விடுதியில் போர் தண்ணீர் திடீரென்று கரிக்க ஆரம்பித்தது. குழாய்க்காரர் இன்னும் ஆழமாகப் போட வேண்டும் என்றார். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். நான் குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போட்டுச் சமாளித்தேன். மழைக்காலம் வந்ததும் சரியாகிவிட்டது. சமையற்கட்டு வரைக்கும் வந்து நின்றிருக்கிறது, நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவரு எங்க?" என்றேன்.

"இருக்காரு."

"என்ன செய்யிறாரு?"

"வலை பின்னுறாரு. நூலு இல்ல, பாசியிலதான். நல்லா பின்னுறாரு. மூலை முடிச்சு மட்டும் நிக்க மாட்டேங்குது."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் சண்டை போட்ட விஷயம் அது. மூலை முடிச்சை அவர் இறுக்கிப் போடவே மாட்டார். இது அவரைத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பாறைமேல் உட்கார்ந்துகொண்டேன். கடல் அப்போதுதான் திரும்பியது. எனக்குத் தெரிந்த அதே முகம்தான். கொஞ்சம் வயதாகியிருந்தது.

"எங்களப் பத்திக் கேக்குறாரா?"

"பாப்பா பள்ளிக்கூடம் போவுதான்னு கேப்பாரு. வருசம் போனது அவருக்குத் தெரியல."

"நர்சு ஆயிட்டான்னு சொல்லு."

"சொல்றேன்."

"ஊசி வலிக்காம போடுறான்னு எல்லாரும் சொல்றாங்க. அதையும் சொல்லு."

"சொல்றேன்."

நான் மூக்கைச் சிந்தித் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். மன்னித்துவிட்டாயா என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு கிழவர் மனைவிக்காக நின்றுகொண்டிருக்கிறார். அவரைக் காக்கவைத்துவிட்டு எங்கள் கணக்கைப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

"நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா," என்றேன்.

நான் நடக்க நடக்க அது பின்னால் வந்தது. ஒட்டாமல், குதிகாலுக்குக் கொஞ்சம் தள்ளியே வந்தது. பின்னால் ஒவ்வொரு படகாக நிமிர்ந்து நிற்கும் சத்தம் கேட்டது. மீனவர்கள் சுருட்டை அணைத்துவிட்டு வேலைக்கு எழுந்தார்கள். சந்தில் ஏறும்போது கடலுக்கு மூச்சு இரைத்தது. தபால் நிலையத்தின் பக்கத்தில் நின்று, அது சரியாகட்டும் என்று காத்திருந்தேன்.

கதவருகே அது தயங்கியது. நான் உள்ளே போய் என் இடத்தில், கைப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அது வந்தது. பின்வரிசையில் தொடங்கி, மணலில் சத்தமில்லாமல் பரவியது. லூனாவின் இடத்தைச் சுற்றி வட்டமாக விலகிக்கொண்டது. இன்றைக்கு முன்வரிசை வரைக்கும் வந்துவிட்டது. வந்து, என் பாதங்களைச் சுற்றியும் ஓர் உலர்ந்த வட்டத்தை விட்டு நின்றது.

நான் வலது காலை எடுத்து வட்டத்துக்கு வெளியே வைத்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கர்தோசோ எழுந்து நின்று ஜெபத்தைச் சொன்னார். மூச்சு வாங்காமல், இளவயதுக்காரர் போலச் சொன்னார். ஒன்பது பேரும் ஆமென் சொன்னார்கள். கடலின் ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது, நீளமாகவும் இருந்தது. லூனாவின் பெயர் வந்த இடத்தில் சன்னல்களில் நீலம் ஆடியது.

முடிந்ததும் அவர் உட்காரவில்லை. தேன்மொழியிடம் ஏதோ கேட்டார். அவள் என்னிடம் திரும்பி, அப்பா பேரையும் தாத்தா பேரையும் கேட்கிறார் என்றாள். நாங்கள் அவர்களுடைய ஆட்கள் இல்லையே என்று சொல்லச் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில் இது. அந்த ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது, செத்தவர் யாருடைய ஆள் என்றும் கேட்காது, கடவுள் பெரியவர் என்று மட்டும்தான் அது சொல்கிறது, அதனால் யாருக்காகவும் இன்னொரு முறை சொல்லலாம். மேலும், எல்லோரும் வந்தாயிற்று, அவசரமாகப் போகவேண்டியவர் யாரும் இல்லை என்றார்.

சிங்காரவேலு மகன் தேசிங்கு என்று சொன்னேன்.

அவர் "தெசிங்கோ" என்றார். பின்னாலிருந்து கடல் உச்சரிப்பைத் திருத்தியது. இரண்டாவது முறை சரியாகச் சொன்னார். ஆமென் சொல்ல வேண்டிய இடங்களைத் தேன்மொழி எனக்குக் கையை அழுத்திக் காட்டினாள். கணக்கில் வராவிட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் சொன்னோம். தேசிங்குக்கு யாரும் எதையும் சொல்லி முடித்துவைக்காமல் இத்தனை வருஷம் போயிருந்தது. நான் அழுதேன். மணல் அதையும் வெளியே கேட்கவிடவில்லை.

கடல் மற்றவர்களோடு எழுந்தது. கதவைத் தாண்டும்போது கர்தோசோ அதன் தோளில் தட்டிக்கொடுத்தார். அவர்கள் பழைய சிநேகிதர்கள். அது தரையை இழுத்துவிட்டு, சந்தில் இறங்கிப் போய்விட்டது. என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. போய்வருகிறேன் என்று சொல்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் வரவில்லை. அது சரிதான் என்று எனக்கும் பட்டது. தாழ்வாரத்தில் ராக்கேல் அம்மாள் எல்லோருக்கும் காப்பியும், தேங்காய் போட்ட கேக்கும் கொடுத்தார். கர்தோசோ இரண்டு துண்டு சாப்பிட்டார். தேன்மொழி பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

வீட்டுக்குப் போக மார்க்கெட் பக்கத்தில் பஸ் ஏறினோம். தீவின் நடுவில் இருக்கும் மலை, பெண்கள் இருக்கையில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டது. தேன்மொழியை ஆஸ்பத்திரியில் பார்த்த பழக்கம் போலிருக்கிறது. மூட்டுவலி தாங்கவில்லை, யாரையாவது பார்க்கலாம் என்று இறங்கி வந்தேன் என்றது. சனிக்கிழமை எலும்பு டாக்டர் வரமாட்டார், திங்கட்கிழமை வந்தால் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகத் தேன்மொழி சொன்னாள். அதுவரைக்கும் மறுபடி அவ்வளவு உயரம் ஏறி இறங்க வேண்டுமே என்று மலை கவலைப்பட்டது. எங்களோடு வந்து தங்கிக்கொள்ளச் சொன்னேன்.

பஸ் புறப்பட்டது. காலையில் வடித்த சோறு மூன்று பேருக்குப் போதுமா என்று தேன்மொழி என் காதில் கேட்டாள். இன்னும் அரைப்படி போட்டால் போதும் என்றேன்.